சோம்பேறி என்று நான் ஏசிய மாணவன்: பரம்பரைத் தசைச் சிதைவு நோய் பற்றி நாம் அறிய வேண்டியவை

பத்து வருடங்களுக்கு முன்னர் நான் தரம் 3 வகுப்பாசிரியராக இருந்தேன். எமது வகுப்பறை மேல்மாடியில் இருந்தது. காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வரிசையாகப் படியேறும்போது ஒரு மாணவன் மட்டும் எப்போதும் கடைசியில் வருவான். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து, மெதுவாக ஏறுவான். விளையாட்டுப் போட்டிக் காலத்தில் ஓடச் சொன்னால் நாலு எட்டு வைத்து விழுவான். நிலத்தில் இருந்து எழும்புவதென்றால் முதலில் குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, பிறகு தன் முழங்காலிலும் தொடையிலும் கையை வைத்துத் தள்ளித் தள்ளி எழும்புவான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் ஏசினேன். "கெண்டைக்கால் ரெண்டும் பந்தடிக்காரன்ட கால் மாதிரி இரிக்கி, படி ஏற மட்டும் சோம்பலா?" என்று முழு வகுப்புக்கும் முன்னால் கேட்டேன்.

அடுத்த நாள் அவனது உம்மா பாடசாலைக்கு வந்தார். கோபப்படவில்லை. "சேர், என்ட புள்ள சோம்பேறி இல்ல. அவனுக்கு ஏலாமத்தான் இரிக்கி" என்று மட்டும் சொன்னார். வாப்பா கட்டாரில் வேலை செய்தார். அந்தத் தாய் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு இரண்டு வருடங்களாக வைத்தியசாலை, முறிவு வைத்தியர், ஓதிப் பார்ப்பவர் என்று அலைந்துகொண்டிருந்தார். சத்துக் குறைவு என்றார்கள், கண்ணூறு என்றார்கள், ஈரலில் கோளாறு என்றும் ஓரிடத்தில் மருந்து கொடுத்திருந்தார்கள். அதன் பின்னர் ஆறு மாதம் கழித்துக் கொழும்பில்தான் நோயின் பெயர் தெரிய வந்தது: டுஷென் தசைச் சிதைவு நோய்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் பிள்ளையின் உளவியல், கற்பித்தல் முறைகள் எல்லாம் படித்திருந்தேன். ஆனால் ஒரு பிள்ளை நிலத்திலிருந்து எழும்பும் விதத்தை வைத்தே ஒரு நோயைச் சந்தேகிக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஏச்சு நடந்திருக்காது. அதைவிடப் பெரிய ஒரு விடயமும் வேறு விதமாக அமைந்திருக்கலாம். அதைப் பின்னர் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் தேவையில்லை.

இது என்ன நோய்?

பரம்பரைத் தசைச் சிதைவு நோய் என்பது ஒரே நோயல்ல. தசைகள் காலப்போக்கில் பலமிழந்து தேய்ந்து போகும் பல நோய்களின் பொதுப் பெயர் அது. சில பிள்ளைப் பருவத்திலும், சில இளமையிலும், சில நாற்பது வயதுக்குப் பின்னரும் வெளிப்படும். பிள்ளைகளில் அதிகம் காணப்படுவது டுஷென் வகை. 1860களில் அதை விரிவாக விபரித்த பிரெஞ்சு வைத்தியர் டுஷென் என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. உலகெங்கும் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 வரையிலான ஆண் குழந்தைகளில் ஒருவரை இது பாதிக்கிறது. இனம், மதம், நாடு என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது.

எமது தசைக் கலங்களுக்குள் டிஸ்ட்ரோபின் என்றொரு புரதம் இருக்கிறது. கரையில் கட்டியிருக்கும் தோணியை நினைத்துப் பாருங்கள். அலை அடிக்கும்போது தோணியைக் காப்பாற்றுவது கயிறு. தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு தடவையும் தசைக் கலத்தின் மென்சவ்வு கிழியாமல், உள்ளிருக்கும் அமைப்பையும் வெளிச்சவ்வையும் பிணைத்து வைத்திருக்கும் கயிறு போன்றதுதான் டிஸ்ட்ரோபின். டுஷென் நோயுள்ள பிள்ளையின் உடலில் அந்தக் கயிறு கிட்டத்தட்ட இல்லை. ஆகவே நடக்க நடக்க, ஓட ஓட, தசைக் கலங்கள் சிறுகச் சிறுகக் கிழிகின்றன. ஆரம்பத்தில் உடல் அவற்றைத் திருத்திக்கொள்கிறது. வருடங்கள் போகும்போது திருத்தும் சக்தி குறைந்து, தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன. நான் பந்தடிக்காரனின் கால் என்று சொன்னேனே, அந்தப் பருத்த கெண்டைக்கால் பலத்தின் அடையாளமல்ல. நோயின் அடையாளம்.

இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு 1986இல் கண்டுபிடிக்கப்பட்டது. மனித மரபணுக்களில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. 79 பகுதிகளைக் கொண்டது. இவ்வளவு நீளமான பாடத்தைப் பிரதி எடுக்கும்போது எங்காவது பிழை வரும் வாய்ப்பும் அதிகம்.

பிழை எப்படி வருகிறது என்பதை வகுப்பறைப் பாணியிலேயே சொல்கிறேன். மரபணுவின் மொழி மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுகிறது. "மரம் தினம் பழம் தரும்" என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். இதில் "தினம்" என்ற சொல் முழுவதும் விடுபட்டால் "மரம் பழம் தரும்" என்று வரும். ஒரு சொல் குறைந்தாலும் கருத்து இருக்கிறது. ஆனால் "தி" என்ற ஓர் எழுத்து மட்டும் விடுபட்டு, மீதியை மூன்று மூன்றாக வாசித்தால் "மரம் னம்ப ழம்த ரும்" என்றாகிவிடும். அதன் பிறகு ஒன்றுமே விளங்காது. டுஷென் நோயில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது வகைப் பிழை. முதலாவது வகைப் பிழையில் குறைபாடுள்ள புரதமாவது உருவாகும். அது பெக்கர் தசைச் சிதைவு எனப்படும். அதுவும் இதே மரபணுவின் நோய்தான், ஆனால் பிந்தி வந்து மெதுவாகச் செல்லும்.

அடையாளங்கள்

பிறக்கும்போது பிள்ளை பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியைகளும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியவை இவை:

18 மாதமாகியும் நடக்கத் தொடங்காமல் இருத்தல். பேச்சு பிந்துதல். அடிக்கடி விழுதல். ஓடும்போதும் பாயும்போதும் மற்றப் பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமை. தாரா நடை போல ஆடி ஆடி நடத்தல், குதிகால் நிலத்தில் படாமல் நுனிக்காலில் நடத்தல். படி ஏறச் சிரமப்படுதல். கெண்டைக்கால் பருத்துக் கடினமாக இருத்தல். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, நிலத்திலிருந்து எழும்பும்போது தன் உடலிலேயே கையூன்றி ஏறுவது. 1879இல் இதனை விளக்கிய ஆங்கிலேய வைத்தியர் கவர்ஸ் என்பவரின் பெயரால் வைத்தியர்கள் இதைக் கவர்ஸ் அறிகுறி என்பார்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலே நோய் என்று அர்த்தமல்ல. எத்தனையோ பிள்ளைகள் பிந்தி நடந்து பின்னர் நன்றாக ஓடுகின்றன. ஆனால் ஆண் பிள்ளை ஒன்றில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் "வளர வளரச் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் முதற்படி மிக இலகுவானது. சீ.பி.கே. என்ற இரத்தப் பரிசோதனை. தசை சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் ஒரு நொதியத்தின் அளவை அது காட்டும். சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்க வேண்டிய அந்த எண், டுஷென் நோயுள்ள சிறு பிள்ளையில் பெரும்பாலும் பத்தாயிரத்தையும் தாண்டியிருக்கும். அப்படி வந்தால் அடுத்தது மரபணுப் பரிசோதனை. அதுதான் நோயை உறுதிப்படுத்தும்.

இங்கே ஒரு விடயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரல் பழுதானால் இரத்தத்தில் கூடும் இரண்டு நொதியங்கள் தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தாலும் அவை கூடும். அதனால் வேறு காரணத்துக்காகச் செய்த இரத்தப் பரிசோதனையில் "ஈரல் அளவு கூடியிருக்கிறது" என்று வந்து, பிள்ளையை வீணாக ஈரல் நோயாளியாக நடத்துவது பல நாடுகளிலும் நடக்கிறது. என் மாணவனுக்கும் நடந்தது அதுதான். காரணம் தெரியாமல் ஈரல் நொதியம் கூடியிருக்கும் ஒரு சிறுவனுக்கு, குறிப்பாக அவன் அடிக்கடி விழுபவனாக இருந்தால், சீ.பி.கே. பார்த்தீர்களா என்று வைத்தியரிடம் மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

தாயின் குற்றமா?

நோயின் பெயர் தெரிந்த பின்னர் அந்த வீட்டில் தொடங்கியது இன்னொரு துன்பம். "எங்கட குடும்பத்தில இப்படி ஒருத்தரும் இல்ல. இது உம்மாவழியாலதான் வந்த" என்று மாமியார் வீட்டார் பேசத் தொடங்கினார்கள். மருமகளைப் பார்த்த பார்வையே மாறியது.

இந்தப் பேச்சில் அரைவாசிதான் விஞ்ஞானம். மீதி அநியாயம்.

டிஸ்ட்ரோபின் மரபணு இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில். பெண்களுக்கு இரண்டு எக்ஸ். ஆண்களுக்கு ஒன்றுதான், மற்றது வை. பெண்ணின் ஒரு எக்ஸில் பிழை இருந்தாலும் மற்றது ஈடுகொடுப்பதால் அவள் பெரும்பாலும் சுகமாகவே இருப்பாள். அவளைக் காவி என்கிறோம். தான் காவி என்பதே அவளுக்குத் தெரியாது. அவளது ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு 50 வீதம். ஒவ்வொரு மகளும் காவியாகும் வாய்ப்பு 50 வீதம். தகப்பன் மகனுக்குக் கொடுப்பது வை நிறமூர்த்தத்தை என்பதால் தகப்பனிடமிருந்து மகனுக்கு இந்நோய் செல்லாது.

ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளின் தாய்மார் காவிகளே அல்லர். அந்தப் பிழை அந்தப் பிள்ளையில்தான் முதன்முதலாகத் தோன்றியிருக்கும். எவரும் செய்த எதனாலும் அது வந்ததல்ல. கர்ப்ப காலத்தில் சாப்பிட்டதாலோ, விழுந்ததாலோ, பயந்ததாலோ வருவதுமல்ல. காவியாக இருக்கும் தாய்கூட அந்த மரபணுவைத் தெரிந்து கொடுக்கவில்லை. தன் உம்மாவிடமிருந்து தெரியாமல் பெற்றதைத் தெரியாமல் கடத்தினாள், அவ்வளவுதான். எமது கண்ணின் நிறத்தை எப்படி நாம் தெரிவு செய்யவில்லையோ, அப்படித்தான் இதுவும். எமது ஈமானின்படியும் படைப்பு அல்லாஹ்வின் கையில் இருக்கும்போது, ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் யார்?

பழி சுமத்துவது பாவம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பழிக்குப் பயந்து குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மறைத்தால் அந்தத் தாயின் சகோதரிகளுக்கும் அவர்களின் பெண்பிள்ளைகளுக்கும் தாங்கள் காவியாக இருக்கலாம் என்பது தெரியாமலே போய்விடும்.

ஆரம்பத்தில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அந்தத் தாய் முதல் நாள் தூக்கிக்கொண்டு வந்த கைக்குழந்தையும் ஆண் பிள்ளை. அவனுக்கும் அதே நோய். மூத்தவனுக்கு மூன்று நான்கு வயதில், அவன் அடிக்கடி விழத் தொடங்கியபோதே ஓர் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டிருந்தால், அடுத்த பிள்ளைக்கு முன்னரே பெற்றோருக்கு விபரம் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு என்ன முடிவெடுப்பது என்பது அவர்களுடைய விடயம். வைத்தியரிடமும் மார்க்க அறிஞரிடமும் ஆலோசித்து முடிவெடுத்திருப்பார்கள். ஆனால் தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பமே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மரபணு ஆலோசனை இலங்கையில் இல்லாத ஒன்றல்ல. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபணுவியல் பிரிவு 1983 முதல் இயங்கி வருகிறது. பிள்ளையைப் பார்க்கும் நரம்பியல் அல்லது சிறுவர் நோய் நிபுணரிடம் கேட்டால் வழிகாட்டுவார். தாயின் பரிசோதனை முடிவு பிழையில்லை என்று வந்தாலும், அடுத்த பிள்ளைக்குச் சிறியதொரு வாய்ப்பு இருக்கக்கூடும். ஆகவே முடிவுத் தாளை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல் ஆலோசனையையும் பெற வேண்டும். காவியாக இருக்கும் பெண்களில் சிலருக்குப் பிற்காலத்தில் இதயத் தசை பலவீனமடையலாம். அவர்கள் இடைக்கிடை எக்கோ பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

சொந்தத்தில் முடித்ததால் வந்ததா?

எமது சமூகத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. மாமா மகளை, மாமி மகனை முடிப்பது எம்மிடையே வழமையாக உள்ளது. டுஷென், பெக்கர் இரண்டுக்கும் சொந்தத் திருமணம் காரணமல்ல. தாயிடமிருந்து மட்டும் வந்தாலே போதும் என்பதால், முற்றிலும் அந்நியரை முடித்தாலும் அந்த வாய்ப்பு அப்படியே இருக்கும்.

ஆனால் வேறு சில தசை நோய்களில் கதை வேறு. தோள், இடுப்புப் பகுதித் தசைகளைத் தாக்கும் பல வகைச் சிதைவு நோய்களும், தசையை இயக்கும் நரம்புக் கலங்கள் அழிவதால் வரும் முள்ளந்தண்டுத் தசை மெலிவு நோயும் தாய், தகப்பன் இருவரும் ஒரே மரபணுவில் பிழையைக் கொண்டிருந்தால்தான் பிள்ளைக்கு வரும். அப்படியான தம்பதியரின் ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 25 வீதம். ஒரே மூதாதையரின் வழிவந்த இருவர் மணம் முடிக்கும்போது ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் சாத்தியம் கூடுகிறது. தலசீமியா பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதே கணக்குத்தான்.

சொந்தத் திருமணம் மார்க்கத்தில் ஆகுமானது. அதை எவரும் ஹராமாக்க முடியாது. ஆனால் ஆகுமானது கட்டாயமானதல்ல. குடும்பத்தில் ஏற்கனவே இப்படியொரு நோயாளி இருந்தால், நிகாஹ் பேசுவதற்கு முன்னர் மரபணு ஆலோசனை பெறுவது அறிவுடைமை. அதே நேரம், சொந்தத்தில் முடித்த ஆயிரக்கணக்கானோரின் பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நோயுள்ள பிள்ளையின் பெற்றோரிடம் போய் "சொந்தத்தில முடிச்சதாலதான்" என்று சொல்வதால் எவருக்கும் எந்தப் பயனும் இல்லை.

எந்த வகை நோய் என்று சரியாகத் தெரிந்துகொள்வது இதனால்தான் அவசியம். பரம்பரைக் கணக்கும் வேறு, சிகிச்சையும் வேறு.

சிகிச்சை இருக்கிறதா?

டுஷென் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் "மருந்தில்லை" என்பதற்கும் "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஸ்டீரொயிட் மாத்திரைகள், பெரும்பாலும் பிரெட்னிசலோன், உரிய வயதில் தொடங்கினால் பிள்ளை நடக்கும் காலத்தை நீடிக்கின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் 12 வயதளவில் நடக்கும் சக்தியை இழந்துவிடுவார்கள். மருந்து அதைச் சில வருடங்கள் தள்ளிப்போடும். உடல் பருமனாதல், உயரம் குறைதல், எலும்பு மெலிதல், கோபம் போன்ற பக்கவிளைவுகள் உண்டு. அதனால் வைத்தியர் கண்காணிப்பு வேண்டும். முக்கியமாக, இம்மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். நோன்பு நோற்க ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

கால்களை நீட்டி மடக்கும் பயிற்சிகள் அன்றாடம் நடக்க வேண்டும். குதிகால் தசைநாண் இறுகாமல் இருக்க இரவில் அணியும் கால் தாங்கிகள் உதவும். நீந்துவது நல்லது. "பலம் வரட்டும்" என்று பாரம் தூக்க வைப்பதும், ஓட விரட்டுவதும், படி ஏறி இறங்கச் செய்வதும் தசையை மேலும் கிழிக்கும். எண்ணெய் தடவி அழுத்திப் பிடித்து இழுக்கும் வைத்தியம் வேண்டாம். எலும்பு மெலிந்த பிள்ளைக்கு முறிவு வரலாம்.

இதயமும் ஒரு தசை. சுவாசத்தை இயக்குவதும் தசை. நோய் அறிந்த நாளிலிருந்தே இதயப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் 10 வயதளவில் இதயப் பாதுகாப்பு மருந்தைத் தொடங்குவது இன்றைய வைத்திய வழிகாட்டல். நடக்க முடியாமல் போன பின்னர் காலையில் தலைவலி, பகலில் தூக்கம், இரவில் அடிக்கடி விழித்தல் போன்றவை ஏற்பட்டால் இரவில் சுவாசம் போதவில்லை என்று அர்த்தம். முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் இயந்திரம் அப்போது தேவைப்படும். முன்னர் இந்நோயாளிகள் இருபது வயதை அடைவதே அரிதாக இருந்தது. இதயப் பராமரிப்பும் சுவாச உதவியும் சரியாகக் கிடைப்பவர்கள் இன்று முப்பது வயதையும் கடந்து வாழ்கிறார்கள்.

ஒவ்வொரு பெற்றோரும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விடயம் மயக்க மருந்து பற்றியது. சக்சமெதோனியம் என்ற மருந்தும், மூச்சு வழியாகக் கொடுக்கும் சில மயக்க வாயுக்களும் இப்பிள்ளைகளின் இதயத்தைத் திடீரென நிறுத்தக்கூடும். கத்னா, பல், டொன்சில், எலும்பு முறிவு என எந்தச் சிறிய சத்திரசிகிச்சையானாலும், "இவனுக்குத் தசைச் சிதைவு நோய் இருக்கிறது" என்று வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். பாதுகாப்பான வேறு மருந்துகள் இருக்கின்றன.

புதிய மருந்துகள் பற்றியும் செய்திகள் வருகின்றன. மரபணுவின் பழுதான பகுதியைத் தாண்டி வாசிக்க வைக்கும் முதலாவது மருந்துக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. 2023இல் ஒரு மரபணுச் சிகிச்சையும் அனுமதி பெற்றது. அதன் விலை 32 இலட்சம் அமெரிக்க டொலர். அதுவும் நோயை முற்றாக நீக்குவதல்ல. அந்தச் சிகிச்சை பெற்ற, நடக்க முடியாத நிலையிலிருந்த பதின்ம வயதினர் இருவர் ஈரல் செயலிழந்து இறந்ததை அடுத்து 2025இல் அதன் பாவனை கட்டுப்படுத்தப்பட்டது. ஆய்வுகள் தொடர்கின்றன, நம்பிக்கை வைக்கலாம். ஆனால் "வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான்" என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்காக வீட்டை விற்காதீர்கள், ஜும்ஆவில் பணம் சேர்க்காதீர்கள். டுஷென் நோய்க்கு அது பயனளிப்பதாக நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல சக்கர நாற்காலியும், குளியலறையில் கைப்பிடியும், வாசலில் சாய்தளமும், தேவைப்படும் காலத்தில் சுவாச இயந்திரமும் வாங்கலாம்.

பாடசாலை என்ன செய்யலாம்?

இனி என் தொழில் சார்ந்த பகுதிக்கு வருகிறேன். நோயின் பெயர் தெரிந்ததும் அதிபரிடம் பேசினேன். அந்த வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்றினோம். ஒரு சதமும் செலவாகவில்லை. இரண்டு வகுப்புகள் இடம் மாறின, அவ்வளவுதான்.

பிறகு அந்தத் தாயிடமிருந்து சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். இப்பிள்ளைகளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. தோள் தசை பலவீனம் என்பதால் நழுவி விழுவார்கள். நிலத்தில் இருத்தாமல் கதிரையில் இருத்த வேண்டும். நெரிசலில் யாராவது இலேசாகத் தட்டினாலே விழுவார்கள் என்பதால் மணியடிக்க ஐந்து நிமிடம் முன்னதாக வெளியேற விட வேண்டும். மலசலகூடத்துக்குப் போக வெட்கப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கை சோர்ந்தால் எழுதுவதைக் குறைத்து வாயால் சொல்ல விடலாம். விளையாட்டு நேரத்தில் புள்ளிக் கணக்கெழுதும் பொறுப்பையோ நடுவர் பொறுப்பையோ கொடுக்கலாம். இவர்களில் சிலருக்கு வாசிப்பிலும் கவனத்திலும் சிரமம் இருக்கலாம். ஆனால் தசையைப் போல அறிவு தேய்ந்து போவதில்லை.

மற்றப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொன்னேன். "இவன்ட தசைக்கு ஒரு நோய். இது தொற்றாது. இவன் சோம்பேறி இல்ல. நான் அண்டைக்குச் சொன்னது பிழை" என்று அவனுக்கு முன்னாலேயே சொன்னேன். அன்று முதல் அவனது புத்தகப் பையைத் தூக்குவதற்கு வகுப்பில் போட்டியே நடந்தது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. பரீட்சைகளில் மேலதிக நேரமும் எழுத உதவியாளரும் கோரி விண்ணப்பிக்கலாம். வைத்திய அறிக்கையுடன் அதிபர் ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சக்கர நாற்காலி, உதவிக் கொடுப்பனவு போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். பல பெற்றோருக்கு இது தெரியாது. தெரிந்த ஆசிரியர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய மினாரா கட்டுவதற்கு முன்னர் வாசலில் ஒரு சாய்தளம் கட்டுங்கள். பத்து வயதில் வாப்பாவின் தோளில் ஜும்ஆவுக்கு வந்த பிள்ளை, பதினைந்து வயதில் தூக்க முடியாத பாரமாகிவிடுவான். பிறகு அவன் பள்ளிக்கு வருவதே நின்றுவிடும். ஒருவருக்கும் தெரியாமல் ஊரிலிருந்து ஒரு வாலிபன் மறைந்து போவது இப்படித்தான்.

இன்று அந்த மாணவனுக்கு 18 வயது. பத்தரை வயதில் நடை நின்றது. மேலதிக நேரம் பெற்று க.பொ.த. சாதாரண தரம் எழுதிச் சித்தியடைந்தான். இப்போது உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கிறான். விரல்களில் இருக்கும் பலத்தால் கணினியில் வேலை செய்கிறான். இரவில் இயந்திரத்தின் உதவியுடன் உறங்குகிறான். தம்பிக்கு 11 வயது. அவனுக்குக் குழந்தைப் பருவத்திலேயே நோய் தெரிந்ததால் மருந்தும் பயிற்சியும் உரிய வயதில் தொடங்கப்பட்டன. அவன் இன்னும் நடக்கிறான். எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் அமையும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தாயின் தங்கைக்கும் திருமணத்துக்குப் பின்னர் பரிசோதனை செய்தார்கள். அவர் காவி இல்லை என்று முடிவு வந்தது.

சில வாரங்களுக்கு முன்னர் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். படியேறப் பிந்தியதற்காக அன்று ஏசியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "ஞாபகம் இரிக்கி சேர். அதுக்குப் பிறகு கீழ்மாடிக்கு மாத்தினதும் ஞாபகம் இரிக்கி" என்றான்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களே, நாளை உங்கள் வகுப்பில் படியேறப் பிந்தி வரும் பிள்ளையை ஏசுவதற்கு முன்னர், அவன் நிலத்திலிருந்து எப்படி எழும்புகிறான் என்று ஒரு தடவை பாருங்கள். சந்தேகம் வந்தால் அவனது உம்மாவைத் தனியே அழைத்து, பயமுறுத்தாமல், ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.